கண்மாய்க்குள் நிற்கும் கல்தூண்கள்

கோடையில் புதுக்கோட்டைப் பக்கம் வறண்டு கிடக்கும் கண்மாய்களை எட்டிப் பார்த்தால், கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்பதைக் காணலாம். தூண்களை இணைத்து மேலும் கீழுமாகக் கல்சட்டங்கள். சட்டத்தின் நடுவில் ஒரு துளை. இடிந்த மண்டபத்தின் மிச்சம் என்று நினைத்துப் பலரும் கடந்துவிடுகிறார்கள். அது குமிழித்தூம்பு. பல்லவர், பாண்டியர் காலந்தொட்டு ஏரித் தண்ணீரைத் திறக்கவும் மூடவும் உதவிய கருவி.

வெளியே தெரியும் தூண்கள் வெறும் தாங்கிதான். உண்மையான வேலை அடியில் நடக்கிறது. ஏரியின் தரையில் ஒரு கல்தொட்டி புதைந்திருக்கும். அதன் மூடுகல்லில் வட்டமான ஒரு துளை, நீரோடி. தொட்டியின் பக்கச் சுவரில், தரையை ஒட்டிச் சிறு துளைகள், சேறோடி. தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஓடும் கல் கால்வாய்க்குச் சுருங்கை என்று பெயர். அது கரையைக் கடந்து வயல் பக்கம் வாய்க்காலில் திறக்கும்.

நீரோடியை அடைப்பது ஆட்டுக்கல் குழவிபோல் அடி குறுகிய ஒரு கல். அந்த வடிவம் சும்மா வந்ததல்ல. தண்ணீர் ஏற ஏற அதன் அழுத்தமே கல்லைத் துளைக்குள் இறுக்குகிறது. 20 செ.மீ. அகலத் துளைக்கு மேல் 3 மீட்டர் தண்ணீர் நின்றால், அந்த அடைப்பின் மேல் ஏறத்தாழ 94 கிலோ பாரம் அழுத்தும். கல்லோடு பிணைந்த தண்டு சட்டத்துளைகள் வழியாக மேலே வரும். அது சாயாமல் நேராக ஏறி இறங்கத்தான் அந்தத் துளைகள்.

கல்லைத் தூக்கியதும் தண்ணீர் நீரோடி வழியே வேகமாகப் பாயும். அந்த ஓட்டம் சேறோடிகள் வழியே அடியில் படிந்த வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். தூம்பைச் சுற்றித் தூர் சேராது. வயலுக்கு நீரோடு எருவும் போய்ச் சேரும். ஏரி முழுவதையும் இது தூர்வாரிவிடாதுதான். அதற்குக் கோடையில் வண்டி கட்டி வண்டல் அள்ள வேண்டும்.

என்னை அதிகம் வியக்க வைப்பது அடைப்பு இருக்கும் இடம். அதைக் கரையின் வெளிப்பக்கம் வைத்திருந்தால் திறந்து மூடுவது சுலபம். ஆனால் அப்போது சுருங்கைக்குள் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும். கல் இடுக்கில் சிறு கசிவு கண்டாலும் அது மண்கரையை உள்ளிருந்தே அரித்துவிடும். ஏரிக்குள்ளேயே அடைத்துவிட்டால் சுருங்கை காலியாக இருக்கும், கரை பிழைக்கும். மண் அணை கட்டும் இன்றைய பொறியாளரும் இந்தக் காரணத்தை மதிப்பார்.

கரைக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்புக்கான விலையை ஒரு மனிதர் கொடுத்தார். நீர்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். நிறைந்த ஏரியில் நீந்திப் போய்த் தூம்பைத் திறப்பவர் அவர். தேவைப்பட்டால் மூழ்கவும் வேண்டும். திறந்த துளையின் இழுப்பில் சிக்கினால் மீள்வது கடினம். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதையும் அவரே பார்த்துக்கொள்வார். கூலி, அறுவடைக் களத்தில் நெல்லாக வந்தது.

அவருக்குப் பின்னால் ஊர் நின்றது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியம் என்றே தனிக் குழு இருந்ததையும், அதற்கு ஆள் எடுக்கும் முறையையும் சொல்கின்றன. தூம்பு அமைத்துக் கொடுத்தவரின் பெயரைத் தூணிலேயே பொறிக்கும் வழக்கமும் இருந்தது. ஊரின் இந்தப் பொறுப்பு பின்னர் சட்டமாகவும் ஆனது: 1858-இல் ஆங்கில அரசு, ஏரி வேலைக்கு ஊரார் வந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது.

பின்னாளில் கரையிலேயே நின்று திருகித் திறக்கும் இரும்பு ஷட்டர் மதகுகள் வந்தன. யாரும் மூழ்க வேண்டியதில்லை, நல்ல மாற்றம். ஆனால் மராமத்தின்போது பழைய தூண்களைப் பிடுங்கித் துணி துவைக்கப் போடுவதை நிறுத்த வேண்டும். பல ஊர்களுக்குக் கோயில் சுவரில் இல்லாத வரலாறு அந்தத் தூணில்தான் எழுதியிருக்கிறது. எழுத்து தெரிந்தால் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். சுண்ணாம்பு மட்டும் பூசிவிடாதீர்கள்.