மின்சார வண்டி கார்பனை எவ்வளவு குறைக்கிறது? எக்ஸெலில் கணக்கிடுங்கள்!

‘புகையே வராத வண்டி’ என்று விளம்பரம் செய்கிறார்கள். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் அது உண்மைதான். ஆனால் அதற்கு ஏற்றும் மின்சாரத்தில் பெரும்பகுதி நம் நாட்டில் நிலக்கரியை எரித்தே தயாராகிறது. பேட்டரி தயாரிக்கும்போதும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. அப்படியானால் உண்மையான மிச்சம் எவ்வளவு? எக்ஸெல் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

ஓடும்போது எவ்வளவு?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகும். லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் ஸ்கூட்டர் என்றால், கி.மீ.க்கு 51 கிராம். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரம் தயாரிக்க சராசரியாக 0.7 கிலோ வெளியாகிறது. ஒரு யூனிட்டில் மின்சார ஸ்கூட்டர் 30 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொண்டால், கி.மீ.க்கு 23 கிராம். மிச்சம் 28 கிராம். பெட்ரோல் சுத்திகரிப்பு, மின்கம்பி இழப்பு இரண்டையும் சேர்த்தால் இரு பக்கமும் எண் கொஞ்சம் கூடும்.

இதே வண்டி நார்வேயில் ஓடினால் மிச்சம் மிக அதிகம். அங்கே மின்சாரம் பெரும்பாலும் அணைகளிலிருந்து கிடைக்கிறது.

பேட்டரியின் கடன்

3 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி. அதைத் தயாரிக்க யூனிட்டுக்கு 100 கிலோ வீதம் 300 கிலோ வெளியானதாகக் கொள்வோம். இதைக் கி.மீ.க்கு மிச்சமாகும் 28 கிராமால் வகுத்தால் சுமார் 10,700 கி.மீ. வரும். தினமும் 30 கி.மீ. ஓட்டுபவருக்குக் கடன் தீர ஏறக்குறைய ஒரு வருடம். அதன் பிறகே லாபம். வண்டி வீட்டில் சும்மா நின்றால் கடன் தீராது!

எக்ஸெலில் ஒரு காலத்தில் விவரங்களையும், அடுத்ததில் எண்களையும் டைப் செய்து, கீழே ஃபார்முலா கொடுங்கள். மைலேஜையோ பேட்டரி அளவையோ மாற்றினால் விடை தானாக மாறும். இன்னும் விரிவாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் தரும் ‘கிரீட்’ இருக்கிறது. இலவசம், எக்ஸெல் பதிப்பும் உண்டு.

கம்பெனிகளுக்கு மார்க்

தொழிற்சாலைகளை ஒப்பிட ஆய்வாளர்கள் பயன்படுத்தும் முறை ‘டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ்’. 1978-ல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகியோர் இதை வெளியிட்டனர். போட்டது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று ஒப்பிட்டு 0 முதல் 1 வரை மார்க் தருவதே இதன் வேலை. உதாரணமாக, தயாரிப்பில் 1 டன் வெளியிட்டு, சாலையில் 5 டன் மிச்சப்படுத்தும் கம்பெனிக்கு 1 மார்க். அதே 1 டன்னுக்கு 4 டன் மிச்சப்படுத்தும் கம்பெனிக்கு 0.8. மின்சாரம், முதலீடு, ஆட்கள் என்று பல கணக்குகள் சேரும்போது எக்ஸெலின் ‘சால்வர்’ கைகொடுக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். 1 மார்க் என்றால் ‘மாசே இல்லை’ என்று பொருளல்ல. ஒப்பிட்ட கூட்டத்தில் முதலிடம், அவ்வளவுதான்.

எனவே ‘இத்தனை டன் குறைத்தோம்’ என்று யார் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்கே தொடங்கி எதுவரை அளந்தார்கள்? எந்த ஊர் மின்சாரம்? எந்த வண்டியோடு ஒப்பிட்டார்கள்? பதில் இல்லை என்றால் அந்த எண் வெறும் விளம்பரம்தான்.