காணும் தமிழும் கேட்கும் தமிழும்

கடல்வழிப் பாடங்கள் – 11

1995 அக்டோபரில் சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் ஓர் இணையதளத்தைத் தொடங்கிவைத்தார். அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் எழுதப்பட்ட கவிதைகளைத் திரட்டிய தளம் அது. தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே திரையில் வந்தன. இணையத்தில் ஏறிய முதல் தமிழ்ப் பக்கங்கள் இவை என்று கணித்தமிழின் வரலாற்றை எழுதுவோர் பலர் குறிப்பிடுகிறார்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்ட் 15-இல்தான். சென்னையில் பெரும்பாலோர் இணையம் என்ற சொல்லைக் கூடக் கேட்டிராத நேரம்.

தளத்தின் தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் இருந்தவர் நா. கோவிந்தசாமி. 1946-இல் பிறந்தவர், சிறுகதை எழுதியவர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி தந்த விரிவுரையாளர். பொறியியல் படித்தவர் அல்லர். அவரோடு கைகோத்தவர் டான் டின் வீ, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் பேராசிரியர். ஆங்கில எழுத்துகளை மட்டும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட கணினிக்குள் சீனத்தை எப்படி நுழைப்பது என்பது ஒருவர் கவலை, தமிழை எப்படி நுழைப்பது என்பது மற்றவர் கவலை. ஒரு தமிழ்க் கதாசிரியரும் ஒரு சீன அறிவியலாளரும் ஒரே சிக்கலை ஒரே மேசையில் வைத்துப் பார்த்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நான்கு மொழிகளுக்கும் ஒரே தகுதி என்று சட்டம் எழுதிவைத்த ஊரில், ஒரு மொழியை விட்டுவிட்டுத் தளம் தொடங்க முடியாது.

அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையில் இருந்தன. ஒருவர் எழுதியது இன்னொருவர் கணினியில் குப்பையாகத் தெரியும். இதைத் தீர்க்க 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 என்ற மாநாட்டைக் கோவிந்தசாமி கூட்டினார். அடுத்த மாநாடு 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது. அங்கேதான் இன்று நாம் தமிழ்99 என்று சொல்லும் விசைப்பலகை வரையறை பெற்றது. சில மாதங்களில் கோவிந்தசாமி காலமானார். 2000-இல் மாநாடு மறுபடி சிங்கப்பூருக்கு வந்தது. உத்தமம் என்ற உலகத் தமிழ் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானதும் அப்போதுதான். இணைய முகவரிகளையே ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் எழுதலாம் என்ற திட்டமும் டான் டின் வீயின் குழுவில்தான் செய்து பார்க்கப்பட்டது. இன்று '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரியை அந்நாடு வைத்திருக்கிறது.

உலகமயம் பற்றிய ஆய்வுகளைப் புரட்டும்போதெல்லாம் இந்த நிகழ்ச்சி எனக்கு நினைவு வரும். பழைய ஆய்வுகள் பலவற்றில் உலகமயத்துக்கு ஒரே திசைதான்: அமெரிக்காவிலிருந்து மற்றவர்களுக்கு. தமிழ் வட்டாரத்தில் பேசுவோரிடமும் இப்படி ஒரு திசை உண்டு: சென்னையிலிருந்து கடல் தாண்டிய தமிழர்களுக்கு. சினிமாவும் நாவலும் இலக்கணமும் தாயகத்திலிருந்து போகும், அங்குள்ளவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்ற நினைப்பு. தமிழ் இணையமோ எதிர்த்திசையில் வந்தது. மும்பையில் பிறந்த மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1990-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த ஒற்றைத் திசைப் படத்தைக் கலைத்தது. ஆட்கள், பணம், தொழில்நுட்பம், ஊடகம், கொள்கைகள் ஆகிய ஐந்தும் வெவ்வேறு வேகத்தில், வெவ்வேறு திசைகளில் ஓடுகின்றன, ஒன்றோடொன்று பொருந்தாமலும் ஓடுகின்றன என்றார். அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம்: சிறிய சமூகங்களுக்கு அமெரிக்காவைவிடப் பக்கத்திலுள்ள பெரிய பண்பாடுதான் அதிக அச்சம் தரக்கூடும். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களிடம் பேசிப் பாருங்கள். ஹாலிவுட்டைப் பற்றி அவர்களுக்குப் பெரிய வருத்தம் கிடையாது. கோடம்பாக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நேரம் போவது தெரியாது.

சமூகவியலாளர் செல்வராஜ் வேலாயுதம் உலகமயம், தமிழ் சினிமா இரண்டையும் ஆராய்ந்தவர். உலகத்துக்குக் கதவைத் திறந்து வைத்துத்தான் பிழைக்க வேண்டிய ஒரு சிறிய நாடு, தன் குடிமக்களிடம் 'இது உன் வீடு' என்ற பற்றை எப்படி வளர்க்கிறது, அதில் என்ன இழுபறி ஏற்படுகிறது என்பதைச் சிங்கப்பூரை வைத்து 2007-இல் ஒரு நூலாக எழுதினார். அடுத்த ஆண்டே தமிழ் சினிமாவின் பண்பாட்டு அரசியல் பற்றி ஒரு கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பித்தார். தமிழ்ப் படங்கள் உலகெங்கும் சுற்றி வருவதும் புலம்பெயர்ந்தோர் வாழ்வில் அவற்றுக்குள்ள இடமும் அதில் பேசப்படுகின்றன. இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தால், சிங்கப்பூர்த் தமிழர் ஒரே சமயத்தில் இரண்டு பெரிய ஓட்டங்களுக்கு நடுவே நிற்கிறார் என்பது புரிகிறது. ஒரு பக்கம் ஆங்கிலம் பேசும் வணிக உலகம், இன்னொரு பக்கம் ஏழு கோடிப் பேரின் தமிழ்நாட்டுச் சந்தை.

இந்த ஓட்டங்கள் நேற்று தொடங்கியவையும் அல்ல. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக் கம்பி வந்து சேர்ந்தது 1871 வாக்கில். 1887-இல் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1935-இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். திருவாரூரில் பிறந்து இளைஞராகக் கப்பலேறியவர் அவர். பெரியாரின் 1929 மலாயாப் பயணம் கிளப்பிய சீர்திருத்த அலையில் பிறந்த ஏடு அது. ஆனால் ஈரோட்டுக் கருத்தை அப்படியே மறுபதிப்புச் செய்யவில்லை. சாதி, சமயம் கடந்து எல்லாத் தமிழரும் கூடும் தமிழர் திருநாளை 1952-இல் தொடங்கியது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று மக்களிடம் காசு திரட்டியது, தன் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றத்தின் வழியாக ஒரு தலைமுறை எழுத்தாளர்களை உருவாக்கியது எல்லாம் அந்த மண்ணின் தேவையிலிருந்து எழுந்த வேலைகள். சாரங்கபாணி அன்று ஊன்றி நிற்காமல் இருந்திருந்தால், 1965-இல் சுதந்திர நாடான சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழியாகத் தொடர்ந்திருக்குமா என்பதே சந்தேகம் என்று நான் நினைக்கிறேன்.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், இன்றைய சிராங்கூன் சாலையில் நடந்தால் தமிழ் கண்ணில் படாத இடமே இல்லை. ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் தமிழ், கேம்பல் லேனில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் தமிழ், பஃபலோ சாலைப் பூக்கடையில் தமிழ். அங்கே விற்கும் சாமி படங்கள், சிலைகள், மாலைகள், பூசைப் பொருள்கள் எல்லாம் எங்கிருந்து வருகின்றன, யார் விற்கிறார்கள், வாங்குவோர் அவற்றை எப்படிப் புனிதமாக்கிக்கொள்கிறார்கள் என்று சமூகவியலாளர் வினீதா சின்ஹா 2011-இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். வணிகம் புகுந்தால் பக்தி கெட்டுவிடும் என்ற எளிய முடிவை அவர் ஏற்கவில்லை. சரக்காக வருவது பூசையறைக்குப் போனதும் வேறொன்றாகிறது என்கிறார். படிக்கப் படிக்க நான் நம்பிக்கை கொண்ட நூல் அது. கண்ணுக்கு மட்டுமல்ல, காதுக்கும் தமிழ் உண்டு: தமிழ் ஒலி அலைவரிசை ஒன்று நாள் முழுவதும் பேசுகிறது. 2008-இல் தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் தனி ஒளிவழியாக மாறியது.

இவ்வளவும் இருந்தும் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு செய்தி சொல்கிறது. சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன் அது மூன்றுக்குச் சற்று மேல் இருந்தது. வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசுவோர் அதே பத்தாண்டில் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 ஆனார்கள். பலகையில் தமிழ் ஏறுகிறது, வீட்டில் இறங்குகிறது. அதே வட்டாரத்துத் தேக்கா சந்தையில் ஒரு முற்பகல் நின்றாலே இது காதில் விழும்: பாட்டி தமிழில் கேட்கிறார், பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான், இருவருக்கும் எல்லாம் விளங்குகிறது. அந்தப் பேரனின் பிள்ளைக்கு விளங்குமா என்பதுதான் என் கவலை.

இதற்கு உலகமயத்தை மட்டும் குறை சொல்வது எளிது. வேலைச் சந்தை ஆங்கிலத்தை விரும்பியது உண்மை. கடையநல்லூரிலிருந்து போன முஸ்லிம்கள் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, தமிழ்வழியில் உயர்நிலை வரை கற்பித்தது. பிள்ளைகள் வராததால் 1982-இல் மூடப்பட்டது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஆங்கிலமே முதல்மொழி என்பது 1987-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் பள்ளியில் தமிழ் படிக்கும் வழியும் அதே அரசுதான் கொடுத்திருக்கிறது. உமறுப் புலவரின் பெயர் இன்றும் ஒரு தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. தமிழ்நாட்டில் தமிழே படிக்காமல் பள்ளிப் படிப்பை முடிக்க முடிந்த காலத்தை நினைத்தால், சிங்கப்பூரைக் குறை சொல்ல நமக்கு வாய் எழாது.

பிறகு எங்கே தவறியது? பேச்சுத் தமிழுக்கு இலக்கண நூல் எழுதிய அமெரிக்க மொழியியலாளர் ஹெரால்ட் ஷிஃப்மன் 2003-இல் ஒரு கட்டுரையில் இந்தக் கேள்வியை நேராக எடுத்தார். தமிழ்க் கல்வியாளர்கள் காதைப் பொத்திக்கொள்ளும் விடையையும் சொன்னார். பள்ளியில் கற்பித்தது எழுத்துத் தமிழ். வீட்டில் பேசியது வேறு தமிழ். பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த பேச்சை வகுப்பறை கொச்சை என்று ஒதுக்கியது. கற்றுக்கொண்ட செந்தமிழிலோ யாரும் யாரோடும் கடையில், பேருந்தில், விளையாட்டுத் திடலில் பேசுவதில்லை. அதனால் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் ஆங்கிலம் வந்து உட்கார்ந்தது. தமிழுக்குச் சட்டத் தகுதி குறைவில்லாமல் இருந்தது, பிள்ளையின் வாய்க்கு ஏற்ற தமிழ்தான் பாடத்தில் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

'வந்துக்கிட்டிருக்கேன்' என்று வீட்டில் சொல்லும் குழந்தை, 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று வகுப்பில் சொல்லத் தெரியாமல் விழித்தால், அந்தக் குழந்தைக்குத் தமிழ் வராது என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். தன் அம்மா பேசுவது தவறு என்று ஐந்து வயதில் கற்றுக்கொள்ளும் பிள்ளை, பதினைந்து வயதில் அந்த மொழியில் நட்புக் கொள்ளாது, காதலிக்காது. ஆங்கிலத்தை எதிர்த்துக் கூட்டம் போட்ட நாம், வகுப்பறையில் நடந்த இந்தக் கொடுமையைக் கவனிக்கவே இல்லை. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். தெருவெங்கும் தமிழ்ப் பேச்சு நிறைந்திருப்பதால் இங்கே அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவே.

சிங்கப்பூர் திருத்திக்கொள்ள முயன்றது. 2005-இல் கல்வி அமைச்சின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. இங்கே பேச்சுத் தமிழ் என்றது எந்த வட்டாரத்துக்கும் சாதிக்கும் உரியதாக ஒலிக்காத, படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொதுப் பேச்சை. ஆசிரியர்களிடையே அது எளிதில் ஏற்கப்படவில்லை. வனிதாமணி சரவணனும் சீதாலட்சுமியும் இதை ஒட்டிய விவாதத்தை ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். எழுத்துத் தமிழ் தேய்ந்துவிடும் என்ற அச்சம் பலருக்கும் இருந்தது. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பேசவே தெரியாத பிள்ளையிடம் எந்த எழுத்துத் தமிழைக் காப்பாற்றப் போகிறோம்? பாட்டியின் பேச்சில் தொடங்கித் திருக்குறளுக்குப் போகலாம். திருக்குறளில் தொடங்கிப் பாட்டியிடம் திரும்பி வந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன 2.5 விழுக்காடு, குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே எண்ணியது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலை அனுமதியில் போய்க் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் இளைஞர்கள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையை நிறைக்கிற தமிழ் அவர்களுடையது. காலை முதல் இரவு வரை தமிழிலேயே சிந்தித்து, தமிழிலேயே சண்டை போட்டு, தமிழிலேயே வீட்டுக்குப் பேசும் மனிதர்கள். 2013 டிசம்பரில் பக்கத்து ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் கட்டுப்பாடுகள் கூடின. ஊருக்கு ஒதுக்குப்புறமான பெரிய விடுதிகளிலேயே அவர்கள் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிகிறது.

அப்பாதுரையின் பட்டியலில் இவர்களும் ஓர் ஓட்டம்தான். ஆனால் மொழிக் கல்வி பற்றிய ஆய்வுகளில் இவர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. தொழிலாளர் நலன் என்ற தலைப்பில்தான் இவர்கள் வருவார்கள். தமிழ் பேச ஆளில்லை என்று ஏங்கும் பள்ளிகளும், தமிழைத் தவிர வேறு பேசாத இளைஞர்களும் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கிறார்கள். இடையில் நிற்பது மொழி அல்ல, வர்க்க வேறுபாடு. ஒரு தமிழாசிரியர் தன் உயர்நிலை மாணவர்களை விடுதிக்கு அழைத்துப் போய் அந்த இளைஞர்களின் ஊர்க்கதைகளைக் கேட்டுப் பதிவு செய்யச் சொன்னால், பாடத்திட்டம் கேட்கிற பேச்சுத் தமிழும் கேட்டல் பயிற்சியும் அங்கேயே கிடைக்கும். பெற்றோர் சம்மதிப்பார்களா என்று கேட்கிறீர்கள். சம்மதிக்க வைக்க வேண்டிய பேச்சை ஏப்ரல் மாதத் தமிழ் விழா மேடைகளில் யாராவது தொடங்கினால் நல்லது.

அடுத்த வாரம்: தமிழ்ப் பல்கலைத் துறைக்காக மலாயாவின் தோட்டத் தொழிலாளர்கள் கொடுத்த காசு.