ஊர் வளவும் மனதின் தூரமும்

ஊரில் உள்ள வளவை என்ன செய்வது என்ற பேச்சு எழாத புலம்பெயர் குடும்பங்கள் குறைவு. வரிக்கணக்குக் கொடுக்க என்னிடம் வருபவர்களும் கடைசியில் அதற்குத்தான் வருவார்கள். "விக்கிறதில்லை, பென்சன் எடுத்தவுடனே போய் இருப்பம்." எந்த வருடம், யார் யார் போவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

யாக்கோவ் துரோப், நீரா லிபர்மன் என்ற உளவியலாளர்களின் ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. காலத்தாலோ இடத்தாலோ உறவாலோ தள்ளி இருப்பது, நடக்குமா என்று நிச்சயமில்லாதது எல்லாமே மனதுக்குத் தூரம்தான். தூரத்தில் உள்ளதில் 'ஏன்' என்பது தெரியும். கிட்ட வந்தால் 'எப்படி' என்பதே கண்ணை நிறைக்கும். 1998இல் வெளியான அவர்களின் ஆய்வில், சில வாரம் கழித்துச் செய்யும் வேலை என்றால் மாணவர்கள் சுவையானதையும், உடனே செய்வதென்றால் சுலபமானதையும் விரும்பினார்கள்.

ஊர் வளவு இந்த எல்லாத் தூரங்களிலும் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர், 'ஒருநாள்', பிள்ளைகளுக்குத் தெரியாத ஊர், போவோமா என்ற ஐயம். அதனால் நமக்கு அது அப்பாவின் உழைப்பு, முதுசொம். பக்கத்தில் இருந்து பார்க்கும் தங்கச்சிக்கோ உடைந்த ஓடு, கறையான் அரித்த மரம், ஆள் பிடித்து அடைக்க முடியாத வேலி. அவள் "வித்துப்போடுவம் அண்ணா" என்றால் நமக்கு நன்றிகெட்ட பேச்சாகக் கேட்கிறது. நாம் "அப்பான்ர வீடு" என்றால், செலவைச் சுமக்காதவரின் பேச்சாக அவளுக்குக் கேட்கிறது. இருவரும் ஒரே வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தூரத்துப் பார்வையை நான் குறை சொல்ல மாட்டேன். குளிரில் இரண்டு வேலை செய்து காசு அனுப்ப வைத்தது அதுதானே.

நான் சொல்லும் வழி, நாளைக் கிட்ட இழுப்பது. வாற தை மாதம் குடிபோவதாக வைத்துக்கொண்டு எழுதுங்கள்: பங்காளிகள் எத்தனை பேர், கூரைக்கு எவ்வளவு, மருந்துக்கு எந்த ஆஸ்பத்திரி, பேரப்பிள்ளைகளை எப்போது பார்ப்பது. எழுதிய பிறகும் போகத்தான் வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு கணக்குப் பேசலாம்.

உறுதியையும் தேடி எடுங்கள். இலங்கைச் சட்டத்தில், உரிமையாளருக்கு எதிராக ஒருவர் 10 வருடம் தடையின்றி ஒரு காணியை ஆண்டால் அதில் உரிமை கோரலாம். உங்கள் வளவில் இப்போது இருப்பவர் என்ன ஏற்பாட்டில் இருக்கிறார் என்பது எழுத்தில் இருக்கிறதா?