அமிலம் தொடாத வெண்மை

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கடற்கரையிலிருந்து காட்டும் ஓர் அச்சுப் படம் 1797-இல் லண்டனில் வெளியானது. ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் உருவாக்கியது. அதில் கட்டடங்கள் வெயிலில் பளீரென்று நிற்கின்றன. அந்தப் பளிச்சென்ற தன்மை பெரும்பாலும் தாளுக்கு உரியது. மை அங்கே ஏறவே இல்லை.

இந்த முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர். செப்புத் தகட்டில் பிசினை நுண்துகள்களாகப் படியவைத்துச் சூடுகாட்டினால் அவை ஒட்டிக்கொள்ளும். தகட்டை அமிலத்தில் இறக்கும்போது, துகள்களுக்கு இடையில் தெரியும் செம்பு மட்டும் அரிபட்டுக் குழியாகும். மை தங்குவது அந்தக் குழிகளில்தான். வெள்ளையாக நிற்க வேண்டிய சுவருக்கு முதலிலேயே வார்னிஷ் பூசி அமிலத்தைத் தடுத்துவிடுவார்கள். வெளிர் நிழல் விழ வேண்டிய இடத்தைச் சற்று அரிக்கவிட்டு மூடுவார்கள். கருநிழலுக்குத் திரும்பத் திரும்ப அமிலக் குளியல். கடைசியில் மை தடவி, ஈரத்தாளை மேலே வைத்து உருளையில் அழுத்தி எடுப்பார்கள். வண்ணம் கையால் சேரும். தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும் என்பதால் முழுக் கோட்டையையும் திருப்பி வரைய வேண்டும்.

கோடு கோடாகக் கீறி நிழல் காட்டும் முறையில் சுண்ணாம்புச் சுவரின் வழவழப்பு இவ்வளவு எளிதில் வராது. அக்வாடின்டில் கோட்டை நேற்றுக் கட்டியது போல இருக்கிறது.

டேனியல்கள் இருவரும் தெற்கே வந்தது 1792-இல். திப்புவுடன் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலையும் வரைந்தார்கள். 1636-இல் எழுந்த அந்த அரண்மனையின் பல பகுதிகளைச் சொக்கநாத நாயக்கர் ஏற்கெனவே பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோயிருந்தார். அவர்கள் வெளியிட்ட ஒரே படத்தொகுப்பில் கிழக்கிந்தியக் கும்பெனியின் கோட்டை பொலிவாகவும், நாயக்கர் அரண்மனை இடிபாடாகவும் வருகின்றன. இரண்டுமே கண்ணால் கண்டவைதான். ஆனாலும் லண்டனில் ஏடு புரட்டியவருக்கு, பழைய அரசு போய்ப் புதிய அரசு வந்துவிட்டது என்பதை இந்தச் சேர்க்கையே சொல்லியிருக்கும். படத்தின் அரசியல் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1795 முதல் 1808 வரை வெளியான இத்தொகுப்பில் மொத்தம் 144 படங்கள். பிறகு பிரிட்டிஷ் இளவரசருக்காகப் பிரைட்டனில் மாளிகையைப் புதுப்பித்த ஜான் நாஷ், அதன் குவிமாடங்களையும் மினார்களையும் வடிவமைக்க இந்தப் படங்களைத்தான் புரட்டினார்.