கடைசி மணிக்குப் பிறகு: ஓசூர், கிருஷ்ணகிரி அரசுப் பள்ளிகளில் விளையாட்டும் மன்றங்களும்

பாடவேளைக்கு வெளியே பள்ளி நடத்தும் விளையாட்டு, கலை, மன்றம், முகாம் ஆகிய அனைத்தையும் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 'கல்வி இணைச் செயல்பாடுகள்' என்ற பெயரில் அடக்குகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இயங்கும் ஏற்பாடுகள் இரண்டு. பள்ளியில் தொடங்கி மாநிலம் வரை ஒவ்வொரு படியிலும் ஆட்களை வடிகட்டி மேலே அனுப்பும் போட்டி முறை முதலாவது. யாரையும் வடிகட்டாமல் எல்லா மாணவர்களுக்கும் வாரந்தோறும் கிடைக்க வேண்டிய விளையாட்டுப் பாடவேளையும் மன்ற நேரமும் இரண்டாவது. சுற்றறிக்கையும் கோப்பையும் நாளிதழ்ப் படமும் முதலாவதற்கே கிடைக்கின்றன, ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பள்ளியில் வாய்ப்பது இரண்டாவது மட்டும்தான். தொழிற்சாலையும் மாநில எல்லையும் காடும் அருகருகே அமைந்த ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு மற்ற இடங்களைவிடத் துலக்கமாகத் தெரிகிறது.

பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஓசூர், தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் 1970-களில் இங்கே நிலம் எடுத்த பிறகே தொழில் நகரமாயிற்று. அசோக் லேலண்டு, டிவிஎஸ் மோட்டார், டைட்டன் ஆகியவற்றைச் சுற்றி 1980-களில் வளர்ந்த இவ்வூர் 2019-இல் மாநகராட்சியாகி, இன்று பெங்களூரின் புறநகர் போலவே இயங்குகிறது. படிப்புக்கும் பிழைப்புக்கும் எல்லை தாண்டுவது இங்கே புதிய வழக்கமும் அல்ல. பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, இன்று ஆர்.வி. அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளி என வழங்கும் ஓசூர்ப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரிக்கே சென்றார். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டுமொழிகளாகவும் பள்ளிகளில் பயிற்றுமொழிகளாகவும் உள்ள இவ்வட்டாரத்து வகுப்பறைகளில், தொழிற்சாலை வேலைக்கு வந்த வடமாநிலத்தவரின் பிள்ளைகளும் இப்போது அமர்ந்திருக்கிறார்கள்.

போட்டி முறையின் முதல் படி குறுவட்டம், அதாவது அருகருகே உள்ள சில பள்ளிகளைச் சேர்த்து அமைக்கும் சிறு வட்டாரம். அதில் வென்றவர்கள் வருவாய் மாவட்டப் போட்டிக்கும் அங்கிருந்து மாநிலப் போட்டிக்கும் செல்கிறார்கள். மாநில அணிக்குத் தேர்வானவர்கள் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகளில் ஆடுகிறார்கள். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகளில் நடக்கும் இப்போட்டிகளுக்குக் குடியரசு தின விழா, பாரதியார் தின விழா என்று பெயர் வைத்திருந்தாலும், குறுவட்ட ஆட்டங்கள் பெரும்பாலும் ஆடிக் காற்றிலேயே தொடங்கிவிடுகின்றன. இவற்றோடு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் 2023 முதல் விரிவாக நடந்துவருகின்றன. மேலே ஏறியவருக்குக் கிடைக்கும் பயனும் சிறியதல்ல. மாநில அரசுப் பணிகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடும் பொறியியல் சேர்க்கையில் தனி இடங்களும் ஒதுக்கப்பட்டுள்ளதால், நடுத்தரக் குடும்பங்களும் இன்று சான்றிதழுக்காகவாவது மைதானத்தைத் திரும்பிப் பார்க்கின்றன.

இந்தப் படிக்கட்டில் நிர்வாக எல்லைகள் வகிக்கும் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. குழு விளையாட்டுகளில் ஒவ்வொரு வருவாய் மாவட்டமும் தன் வெற்றி அணியையே மாநிலத்துக்கு அனுப்புவதால், 2004 பிப்ரவரி 9-ஆம் நாள் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, ஆட்சியர் அலுவலகம் மட்டுமன்றி ஓசூர்ப் பகுதிப் பள்ளிகளுக்கு மாநிலப் போட்டியில் நிற்க இன்னொரு வாசலும் சேர்ந்தே கிடைத்தது. மாநில எல்லை இதற்கு நேர்மாறாகச் செயல்படுகிறது. ஒரு மாணவர் எந்த மாநிலத்துக்கு ஆடுவார் என்பதை வீடு தீர்மானிப்பதில்லை, பள்ளிதான் தீர்மானிக்கிறது. எல்லையோர ஜூஜுவாடியில் குடியிருந்து, எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் படிக்கும் பிள்ளை கர்நாடகத்தின் ஹோப்ளி, தாலுகா, மாவட்டம் என்ற வேறொரு படிக்கட்டில்தான் ஏற முடியும். பெற்றோரின் வேலையை ஒட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் ஓரிரு ஆண்டுகள் படித்துவிட்டுத் திரும்பும் மாணவர் இழப்பது இன்னும் பெரிது. மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழங்கப்படும் 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும்.

எந்த விளையாட்டு எந்தப் பள்ளியில் வேரூன்றும் என்பதை ஆர்வத்தைவிட நிலத்தின் அளவே முடிவு செய்கிறது. எட்டு ஓடுபாதைகள் கொண்ட 400 மீட்டர் தடகளப் பாதைக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் வேண்டும், ஆனால் கபடி ஆடுகளத்துக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும். கைப்பந்துக்கு 18-க்கு 9 மீட்டர், கோ-கோவுக்கு 27-க்கு 16 மீட்டர். தொழிற்பேட்டையும் குடியிருப்பு மனைகளும் நிலத்தின் விலையை ஏற்றிவிட்ட நகர்ப்பகுதியில், கூடுதல் வகுப்பறைக் கட்டடமும் கழிவறைத் தொகுதியும் வர வர மைதானமே சுருங்குகிறது என்பதால், கபடியும் கோ-கோவும் நிலைத்து நிற்க, ஹாக்கியும் கால்பந்தும் ஒதுங்குவதில் வியப்பில்லை. கல்வி உரிமைச் சட்டம் (2009) தன் அட்டவணையில் விளையாட்டு மைதானத்தைக் கட்டாயமாக்கினாலும், அதன் பரப்பு எவ்வளவு என்று சொல்லாமல் விட்டதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

மைதானம் சிறுத்தால் திறமை எங்கே தடைபடும் என்பதற்கு 400 மீட்டர் ஓட்டமே சான்று. இடம் போதாத பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் சுண்ணாம்புப் பொடி தூவி 200 மீட்டர் பாதை போடுகிறார். அதில் மாணவி இரண்டு சுற்று ஓடுகிறாள், வளைவுகள் இறுக்கமாக இருப்பதால் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்துப் பழகுகிறாள். மாவட்டப் போட்டியில்தான் அவள் முதன்முறையாக முழுப் பாதையைப் பார்க்கிறாள். ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தொடக்கக் கோடு ஏன் தள்ளித் தள்ளிப் போடப்பட்டிருக்கிறது என்பதையும், தனக்கு முன்னால் நிற்பவள் உண்மையில் முந்தி நிற்கவில்லை என்பதையும் போட்டி தொடங்கும் நேரத்தில் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. கபடியிலும் இதே கதைதான்: மண்ணில் வெறுங்காலோடு பயின்ற அணி, மேல்நிலைப் போட்டிகளில் விரிக்கப்படும் செயற்கை விரிப்பில் காலணி அணிந்து ஆடும்போது, பிடியில் தோற்பதற்கு முன்பே காலடியில் தோற்றுவிடுகிறது.

மைதானத்துக்கு அடுத்தது ஆள். மேல்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர், அவருக்கு மேல் உடற்கல்வி இயக்குநர் என்று பணியிடங்கள் உண்டு. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்ற கல்வி உரிமைச் சட்ட விதியின்படி, தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கிய அவர்களது தொகுப்பூதியம் 2024-இல்தான் 12,500 ரூபாயானது. எட்டாம் வகுப்புக்கு மேல் இந்தச் சட்டமே பொருந்தாது. அதாவது உடலும் திறமையும் முதிரும் வயதில் பள்ளியின் சட்டக் கடமை முடிந்துவிடுகிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் விளையாட்டுப் பொருள்களுக்கென உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் தலைக்கு 25 ரூபாய் என்பது ஒரு டென்னிஸ் பந்துக்குக்கூடத் தேறாது.

ஆசிரியர் இருந்தாலும் பாடவேளை அவர் கையில் தங்குவதில்லை. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் காலாண்டுத் தேர்வு முடிந்தவுடனேயே 'பி.டி. பீரியட்' கணக்குக்கும் அறிவியலுக்கும் கடனாகப் போய்விடுகிறது, அந்தக் கடன் திரும்புவதும் இல்லை. விளையாட்டுத் துறைக்கு அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடம் இதை நிறுத்தும்படி கேட்டுக்கொள்ள நேர்ந்தது என்றால், வழக்கம் எவ்வளவு ஊறியது என்பது விளங்கும். ஆனால் உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் கண்ணில் படுவதும் படாததும் எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் தூண்டுதலால் உயரம் தாண்டத் தொடங்கி 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

கடைசி மணிக்குப் பிறகு நடக்கும் பயிற்சிக்கு இவ்வட்டாரத்தில் மேலும் மூன்று தடைகள் உள்ளன. முதலாவது பேருந்து: இலவசப் பயண அட்டை இருந்தாலும், சூளகிரி, கெலமங்கலம், தளி பக்கத்துச் சிற்றூர்களுக்குச் செல்லும் மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்ற கேள்வி பிள்ளையைவிடப் பெற்றோரை வாட்டுகிறது, அதிலும் தாயும் தந்தையும் வெவ்வேறு ஷிப்டில் வேலை பார்க்கும் வீடுகளில் அழைத்துவர ஆள் இருப்பதில்லை. இரண்டாவது யானை: பன்னேர்கட்டா காடுகளிலிருந்து ஓசூர் வனக்கோட்டத்துக்குள் வரும் யானைக் கூட்டங்கள் கேழ்வரகு முற்றும் பருவத்தில் தளி, தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை வயல்களில் இறங்குவதால், காட்டோரக் கிராமத்துப் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தாக வேண்டும், போட்டிகள் மும்முரமாகும் மாதங்களும் இவையே. மூன்றாவது உணவு: சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால், 19 வயதுப் பிரிவில் ஆட வேண்டிய பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை நம்பியே மாலை ஆறு மணி வரை ஓட வேண்டியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த இளம்பெண்களை மின்னணுத் தொழிற்சாலைகள் பெருமளவில் வேலைக்கு எடுக்கும் பகுதி இது என்பதால், மாணவிகளின் விளையாட்டு வாழ்க்கை பெரும்பாலும் பள்ளியோடு முடிகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

கலைப் பக்கத்தில் நிலைமை சற்றே மாறியிருக்கிறது. 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று விளையாட்டைப் போலவே படிப்படியாக நடந்தாலும், பள்ளி அளவில் எந்த மாணவரும் பங்கேற்கலாம் என்பதால் அதன் அடித்தளம் அகலமானது. மாநில அளவில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி விருதுகளும் வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவும் வழங்கப்பட்டன. எர்ணாகுளத்தில் 1957-இல் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோத்சவம் அறுபது ஆண்டுகளில் ஒரு மாநிலப் பண்பாடாகவே வளர்ந்ததோடு ஒப்பிட்டால் இது இன்னும் குழந்தைப் பருவத்தில்தான் இருக்கிறது. இருந்தாலும் நான்கைந்து மொழிகள் புழங்கும் ஓசூர் வகுப்பறைக்கு அதில் தனி நன்மை உண்டு: பேச்சுப் போட்டியிலும் கட்டுரையிலும் ஒதுங்கி நிற்கும் ஒடிசாவையோ பீகாரையோ சேர்ந்த பிள்ளை, களிமண் சிற்பத்திலும் மௌன நாடகத்திலும் நடனத்திலும் முன்னே வர முடிகிறது. தெருக்கூத்து இன்றும் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் கிருஷ்ணகிரிக் கிராமங்களில், அதை ஆடத் தெரிந்தவர் பல பள்ளிகளுக்கு நடக்கும் தூரத்திலேயே இருக்கிறார் என்பதும் பள்ளிகள் இன்னும் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளாத செல்வம்.

வடிகட்டாத வகையைச் சேர்ந்தவை மன்றங்கள். இலக்கிய மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியல் சோதனைகளைச் செய்துகாட்டும் வானவில் மன்றம், மாதந்தோறும் சிறார் திரைப்படம், மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்து குழுக்களாகப் பிரிக்கும் மகிழ் முற்றம் ஆகியவை அண்மை ஆண்டுகளில் வந்தவை அல்லது புத்துயிர் பெற்றவை. சாரணர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், தேசிய மாணவர் படை, பசுமைப் படை ஆகியவை பழையவை. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் மேல்நிலை மாணவர்கள் விடுமுறையில் ஏதேனும் ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாமிடுகிறார்கள். தேர்வும் தரவரிசையும் இல்லாத அந்த ஏழு நாள்களுக்கு நாளிதழில் கிடைக்கும் இடம் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி.

கடைசி மணிக்குப் பிந்தைய பயிற்சிக்குத் திரும்பினால், அமெரிக்க அரசுப் பள்ளிகளில் அது தனி மனிதரின் அர்ப்பணிப்பை நம்பியதன்று. பயிற்சி தரும் ஆசிரியருக்குத் தனி ஊதியமும், பல மாவட்டங்களில் பயிற்சி முடிந்த பிறகு புறப்படும் தாமதப் பேருந்தும் பள்ளி வரவு செலவிலேயே சேர்ந்துவிடுகின்றன. ஓசூரில் அதற்கான பணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் (2013) பெரிய நிறுவனங்களின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது; கிராமப்புற விளையாட்டுகளுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் பயிற்சி அளிப்பது அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் அறக்கட்டளைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவரே டிவிஎஸ் மோட்டாரின் வேணு சீனிவாசன். ஆனால் கொடையாளர்கள் பெரும்பாலும் கல்வெட்டுப் பதிக்கத்தக்க கட்டடத்தையே விரும்புகிறார்கள். பகுதிநேரச் சிறப்பாசிரியரின் 12,500 ரூபாய்த் தொகுப்பூதியத்தையே அளவாகக் கொண்டாலும், ஒரு பள்ளிக்கு ஓராண்டு மாலைப் பயிற்றுநர் ஒருவரை வைக்க ஒன்றரை லட்சம் ரூபாய் போதும். தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஷிப்டு மாறும் மாலை வேளையில் தளிச் சாலையிலும் பாகலூர்ச் சாலையிலும் ஓடும் நிறுவனப் பேருந்துகளில் மாணவர்களுக்குச் சில இருக்கைகள் ஒதுக்குவதற்கு அதுவும் தேவையில்லை.