பழைய ஷெட்டில் ஒரு பட்டறை

பொங்கல் விழாவில் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது நம் சங்க அன்பர்கள் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "மூடிக்கிடக்கும் ஷெட் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா சார்?" பந்தியில் சொல்லி முடிகிற விஷயமா இது? அதனால் எழுதிவிடுகிறேன். நான் செய்த தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அகமதாபாத்தில் முதல் நூற்பாலை 1861இல் தொடங்கியது. அதன் பிறகு பெருகிய ஆலைகளை நம்பி, கிழக்குப் பகுதிச் சந்துகளில் பாபின், பல்சக்கரம் முதலான உதிரி பாகம் செய்யும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 1980களில் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டபோது இவையும் மூச்சு விட்டன. எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி இருந்ததும் அப்படி ஒன்றுதான். 2011இல் விலைக்கு வந்தது. நான் ஆலையில் ஃபிட்டராகத் தொடங்கியவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு லேத்தும், சந்தில் வெயிலில் காயும் காருக்கு ஒரு நிழலும் வேண்டும் என்பது என் ஆசை. "ஓய்வுப் பணத்தில் பாதியை இரும்புத் தூசியில் போடுகிறீர்களே" என்று வீட்டில் சொன்னாள். போட்டேன்.

முதலில் காகிதம். ஒரு கட்டடம் எந்த உபயோகத்துக்கென்று பதிவாகியிருக்கிறதோ அதைப் பொறுத்தே வரியும் அனுமதியும். தொழிற்பேட்டை மனை என்றால் அதில் குடியிருக்க விடமாட்டார்கள். குடியிருப்புப் பகுதி என்றால் இயந்திரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. இரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாநகராட்சியில் கேட்டுவிடுங்கள். அடுத்தது மின் பாக்கி. பழைய உரிமையாளர் கட்டாமல் விட்ட தொகையை, மின் வழங்கல் விதிகள் இடம் கொடுத்தால், புதிதாக வாங்கியவரிடமே கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கி இல்லை என்ற சீட்டு கையில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி கூரை. இதைத்தான் நான் அலட்சியமாக விட்டேன். முப்பது ஆண்டுக்கு மேலான ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடுகள். ஒழுகவில்லை, அதனால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். 2012 உத்தராயணம், ஜனவரி 14. இந்த ஊரில் அன்று தரையில் நிற்கிற பிள்ளை உண்டா? பக்கத்து வீட்டுப் பையன், பதினோரு வயது, அறுந்து வந்த பட்டத்தைத் துரத்திக்கொண்டு எங்கள் மாடியிலிருந்து ஷெட் கூரைக்குத் தாவினான். தகடு படாரென்று உடைந்தது. இடுப்பு வரை உள்ளே போய்விட்டான். இரண்டு கையும் இரும்புக் குறுக்குச் சட்டத்தில் சிக்கியதால் தொங்கினான். கீழே பதினாறு அடியில் என் லேத். ஏணி வைத்து இறக்கினோம். தொடையில் ஒன்பது தையல். அன்று இரவு நான் தூங்கவில்லை.

பழைய சிமெண்ட் தகடு பார்ப்பதற்குக் கல் மாதிரி இருக்கும், ஆளைத் தாங்காது. யார் ஏறினாலும், மேஸ்திரியே ஆனாலும், ஆணி வரிசைக்கு மேல் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். மாடியிலிருந்து கூரைக்குத் தாவ வழி இருந்தால் அதைக் கம்பி வலை போட்டு அடைப்பது முதல் நாள் வேலை. நான் அதைச் செய்திருக்க வேண்டும்.

மறு மாதமே தகடுகளைக் கழற்ற ஆள் வைத்தேன். இரண்டாவது தவறு இங்கே. வந்த காண்டிராக்டர் சுத்தியலால் உடைத்து உடைத்துத் தள்ளினார். சந்து முழுக்க வெள்ளைத் தூசி. அரை நாளில் நிறுத்தினேன். ஆஸ்பெஸ்டாஸ் முழுத் தகடாகச் சும்மா இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோய் வர இருபது, முப்பது ஆண்டுகூட ஆகலாம். அதனால்தான் யாருக்கும் பயம் இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இதைத் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் தகடு இன்னும் விற்பனையில் இருக்கிறது.

பிறகு வந்தவர்கள் சரியாகச் செய்தார்கள். தகட்டைத் தண்ணீரால் நனைத்து, துருப்பிடித்த கொக்கி ஆணிகளை மட்டும் வெட்டி, தகட்டை முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கட்டினார்கள். துணி முகமூடி இதற்கு உதவாது. நுண்தூசி வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். துடைப்பம் தொடக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் ஒப்படைத்தோம். கோழிக் கூண்டுக்குக் கேட்டவர்கள் இருவர். கொடுக்கவில்லை, இன்னும் அவர்களுக்கு என்மேல் வருத்தம்.

புதுக் கூரைக்கு வர்ணம் பூசிய உலோகத் தகடும், அடியில் வெப்பத் தடுப்பும் போட்டோம். அது இல்லாவிட்டால் மே மாதம் உள்ளே அப்பளம் பொரிக்கலாம். ரம்பப் பல் மாதிரி எழும் பழைய கூரையின் வடக்குப் பக்கக் கண்ணாடிகளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்து ஆட்கள் அறிவாளிகள்: நம் பக்கத்தில் வடக்கிலிருந்து நேர் வெயில் பெரும்பாலும் வராது, நாள் முழுக்க நிழல் விழாத வெளிச்சம் மட்டும் வரும். மைக்ரோமீட்டர் படிக்க அதைவிட நல்ல விளக்கு இல்லை.

கார் நுழைய வாசலை அகலப்படுத்த வேண்டியிருந்தது. சுவரில் துருத்திக்கொண்டிருந்த செங்கல் தூண் ஒன்றை இடித்தால் போதும் என்று நினைத்தேன். கட்டடப் பொறியாளர் மேலே காட்டினார்; கூரையின் இரும்புச் சட்டம் உட்கார்ந்திருப்பதே அந்தத் தூணில்தான். 2001 ஜனவரி 26 நிலநடுக்கம் இந்த ஊரில் எத்தனை கட்டடத்தைச் சாய்த்தது என்று நம்மில் பலருக்கு நேரில் தெரியும். தூணை விட்டுவிட்டு, வாசலை அடுத்த இடைவெளிக்கு மாற்றி, மேலே இரும்பு உத்தரம் கொடுத்தோம். கூடுதல் செலவு வலிக்கத்தான் செய்தது.

தரையில் ஐம்பது ஆண்டு எண்ணெய் ஊறியிருந்தது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஒட்டாது, ஆறு மாதத்தில் பொருக்காக எழும். மூன்று அங்குலம் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம், வாசலை நோக்கி நூறடிக்கு ஓரடி சரிவாக. லேத்துக்குத் தனி மேடை. அதற்கும் வீட்டுச் சுவருக்கும் இடைவெளி விட்டதால் அதிர்வு படுக்கையறைக்குப் போகவில்லை. காருக்கு அடியில் வேலை செய்யக் குழி வெட்டவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், குழியில் போய்த் தேங்கும். ஒரு பொறி போதும்.

மின்சாரத்தில் உரிமம் பெற்றவரைத் தவிர யாரையும் தொடவிடாதீர்கள். பழைய ஃபியூஸில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள். புது எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அறுக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் இரண்டும் கட்டாயம். மும்முனை இணைப்பில் இரண்டு ஃபேஸ் மாறினால் மோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். திருகி மாட்டும் பழைய மாதிரிச் சக் அப்போது கழன்று பறக்கலாம். முதல் முறை பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

வீட்டிலிருந்து ஷெட்டுக்கு நேரே கதவு வைக்கலாம் என்றேன். "புகை எல்லாம் சமையலறைக்கு வரும்" என்று மறுத்துவிட்டாள். அவள் சொன்னது நாற்றத்தை. கார் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நாற்றமே கிடையாது. கதவு மூடிய ஷெட்டில் எஞ்சின் ஓடினால் சில நிமிடங்களில் தலைவலி, மயக்கம், பிறகு எழுந்திருக்கவே முடியாது. கதவு வைக்கவில்லை. மழைக்காலத்திலும் ஷட்டரை முழுக்க உயர்த்தாமல் சாவியைத் திருகுவதில்லை.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போது பாலிடெக்னிக் முடித்து வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் "காகா, லேத் காலியா?" என்று ஷட்டரைத் தட்டுவான். போன உத்தராயணத்துக்கும் எங்கள் மாடியில்தான் பட்டம் விட்டான், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று.