"புரிஞ்சுதுங்களா?" – "சரிங்க!"

போன வருஷம் ஒரு விடியற்காலை. சூரமங்கலம் வீட்டில் அம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கியது. குளுக்கோமீட்டரில் 52. சர்க்கரைத் தண்ணி கொடுத்த பிறகுதான் தெளிந்தார்.

ஏன் இப்படி ஆச்சு என்று பின்னோக்கிப் போனேன். இரண்டு வருஷமாக அம்மாவுக்கு மெட்ஃபார்மின். "மாத்திரை சாப்பிடறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்பார். "சாப்பிடறேனுங்க" என்பார் அம்மா. அது பொய்யில்லை. ஆனால் இனிப்பு சாப்பிட்ட நாளுக்கு மட்டும்தான் மாத்திரை என்று நினைத்திருக்கிறார். சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் கிளிமிபிரைடும் சேர்த்தார். அது இன்சுலினை அதிகம் சுரக்க வைக்கும் மாத்திரை. அந்த மாதம்தான் நான் டப்பாவில் பிரித்து வைத்து, இரண்டையும் தினமும் தவறாமல் கொடுக்க ஆரம்பித்தேன்.

என் தொழிலில் இதற்கு நிகரான ஒன்று உண்டு. டி.சி.பி.யில் தகவல் வந்து சேர்ந்ததும் மறுமுனை ஒப்புகை அனுப்பும். வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. சரியாகப் புரிந்தது என்பதற்கு அல்ல. நம்ம "சரிங்க"வும் அப்படித்தான்.

டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2017-ல் பி.எம்.ஜே. ஓபன் இதழில் 67 நாடுகளை ஒப்பிட்ட ஆய்வு வந்தது. ஒரு நோயாளியை டாக்டர் பார்க்கும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். இந்தியாவில் சுமார் 2 நிமிடம். நேரம் இருந்தாலும் பேச விடுவார்களா என்பது வேறு கேள்வி. 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் இருவரும் 74 சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். இந்தியாவில் 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து நோயாளியிடம் பேசும் முறையும் பாடத்திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. நல்ல விஷயம்.

அதுவரை? மருத்துவ உலகில் 'டீச்-பேக்' என்ற வழி இருக்கிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்காமல், "வீட்டுக்குப் போய் எப்படிச் சாப்பிடுவீங்க, சொல்லுங்க" என்று டாக்டர் கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிடலாம். அரை நிமிஷம்கூட ஆகாது.

நடந்ததைச் சொன்னதும் டாக்டர் கிளிமிபிரைடை நிறுத்திவிட்டார். அன்று எழுந்திருக்கும் முன் அம்மாவைச் சொல்ல வைத்தேன்.

"இனிப்பு சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் தினமும் காலைல ஒண்ணுங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமும் ஒண்ணுங்கம்மா."